அடுக்கும் வரிசையும்: ஒரு சிமெண்ட் குடோனில் ஆரம்பித்த குறிப்பு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில் என் மச்சானுக்கு ஒரு சிமெண்ட் குடோன் இருக்கிறது. போன மழைக்காலம் முடிந்து பின்சுவர் ஓரத்து அட்டியைப் பிரித்தபோது அடிவரிசை மூட்டைகள் கல்லாகிக் கிடந்தன. விரலால் தட்டினால் செங்கல்லைத் தட்டும் சத்தம். நான் அப்போது ஊரில் இருந்ததால் போய்ப் பார்த்தேன். மூட்டையின் பக்கத்திலேயே வாரமும் வருடமும் அச்சடித்திருந்தது. படித்தால், வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

சிமெண்ட் மூட்டையில் இருக்கும் அந்த வார எண்ணை நம்மில் பல பேர் கவனிப்பதே இல்லை. கம்பெனிப் பெயர், தரம், 50 கிலோ, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஆகியவற்றோடு, எந்த வாரம் தயாரானது என்பதும் இருக்கும். சிமெண்டுக்குக் காற்றின் ஈரமே எதிரி. மூன்று மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வலிமை போய்விடும் என்பது கட்டுமானப் பாடப்புத்தகக் கணக்கு. அதனால்தான் மூன்று மாதம் தாண்டினால் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்பார்கள்.

தேதி மூட்டையிலேயே இருந்தும் ஏன் தவறியது? நிரல் எழுதுகிறவனுக்கு இது தெரிந்த கதைதான். தரவுகளைச் சேர்த்துவைக்க இரண்டு எளிய முறைகள் உண்டு. ஒன்று அடுக்கு: தட்டு மேல் தட்டு மாதிரி, கடைசியாக வைத்ததுதான் முதலில் கையில் வரும். இன்னொன்று வரிசை: ரேஷன் கடை க்யூ மாதிரி, முதலில் வந்தவர் முதலில் போவார். சிமெண்ட் விற்கவேண்டியது வரிசை முறையில். ஆனால் குடோன் இயல்பிலேயே ஒரு அடுக்கு. புது லோடு முன்னால் இறங்கும், முன்னால் இருப்பதே முதலில் போகும். பழசு பின்னாலும் அடியிலும் மாட்டிக்கொள்ளும்.

மூட்டைக்கு முத்திரை போடும் வழக்கம் நம்மிடம் பழையது. சங்கப் பாட்டான பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கப் பண்டகசாலையைக் காட்டுகிறார். கடலிலிருந்து இறங்கியதும், கடலில் ஏறப்போவதுமான சரக்கின்மேல் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்படுகிறது. மலைபோல் குவிந்த மூட்டைகள்மேல் நாய்களும் ஆட்டுக்கிடாக்களும் தாவுகின்றன. ஆனால் எல்லா மூட்டையிலும் ஒரே புலி! அது அரசின் பார்வைக்கு வந்த சரக்கு என்று சொல்லும். எது முன்னால் வந்தது, எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நம் வார எண் செய்கிற வேலை வேறு.

அந்த வேலையை நான் புரிந்துகொண்டது இதே மண்ணின் வேறொரு அடுக்கிலிருந்து. அரியலூரின் சிமெண்டுக்குக் காரணம் சுண்ணாம்புக்கல். அரசின் டான்செம் ஆலை 1979-இல் இங்கே வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தில் சிப்பி ஓடுகள் பாளம் பாளமாகத் தெரியும். ஆறு, ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. நாம் வீடு கட்டுவது அந்தச் சிப்பிகளை அரைத்துச் சுட்டுத்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1850-களின் கடைசியில் இந்தப் பகுதியை வரைபடமாக்கினார். 1862-இல் வெளியான அவருடைய அறிக்கை பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. பாறையும் ஒரு அட்டிதான். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. பாறை இருந்த இடத்திலேயே இருக்கும்வரை சிக்கலில்லை. ஒரு சிப்பியைப் பெயர்த்தெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பிய நிமிடமே அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்ற தகவல் அறுந்துவிடும். அதைக் காப்பாற்றுவது கூடவே போகும் துண்டுச்சீட்டு மட்டுமே.

அங்கே அந்தப் படிமங்களை எடுத்து விவரித்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அம்மோனைட், நத்தை, சிப்பி என்று தொகுதி தொகுதியாக எழுதி 1873-இல் முடித்தார். அடுத்த ஆண்டே லடாக்கில் இறந்துபோனார், 36 வயதுதான். அவர் வைத்த பெயர்கள் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மாற்றிவிட்டார்கள். மாறாமல் நின்றது சீட்டில் இருந்த ஊர்ப்பெயர். ஊர் தெரிந்ததால் அடுக்கு தெரிந்தது, அடுக்கு தெரிந்ததால் காலம் தெரிந்தது. நூறு வருடம் கழித்தும் ஆய்வாளர்கள் அந்த இடத்துக்கே திரும்பி வந்து சரிபார்க்க முடிந்தது.

ஆக, இடத்தைவிட்டு நகரும் பொருளுக்கு அதன் பழைய இடத்தையும் காலத்தையும் கூடவே கட்டி அனுப்புவதுதான் நல்ல சீட்டின் வேலை. மச்சான் குடோனில் மூட்டைக்குக் காலம் இருந்தது, இடத்துக்குப் பெயர் இல்லை. இடமெல்லாம் இருபது வருடமாக அங்கே வேலைபார்க்கும் பெரியவர் ஒருவரின் தலைக்குள் இருந்தது. அந்த மழைக்காலத்தில் அவர் முழங்கால் வலியோடு இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அவ்வளவுதான் நடந்தது.

போர்டு வைக்கலாம் என்றதும் அவர் முகம் சுருங்கிப்போச்சு. "எல்லாம் எழுதிட்டா அப்புறம் நான் எதுக்கு தம்பி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. என் வேலையிலும் இதே பயத்தைப் பார்த்திருக்கிறேன், பட்டும் இருக்கிறேன்.

கடைசியில், "பேர் நீங்களே வைங்கண்ணே" என்றேன். அ1, அ2 என்று நான் போட்டிருந்த திட்டத்தை அவர் ஏற்கவில்லை. லோடுமேன்கள் ஏற்கெனவே சொல்லிவந்த பெயர்களே தூண்களில் ஏறின: கிணத்து வரிசை, ஜன்னல் வரிசை, லாரி வரிசை. ஒவ்வொரு அட்டிக்கும் ஒரு சிலேட்டு, அதில் வார எண்ணும் மூட்டைக் கணக்கும். தரையில் மஞ்சள் கோடு, அதற்குள் சரக்கு வைக்கக்கூடாது. அடியில் பலகை, சுவரை ஒட்டாமல் இடைவெளி, பத்து மூட்டைக்கு மேல் உயரம் கிடையாது. புது லோடு ஒரு பக்கம் இறங்கும், எதிர்ப் பக்கத்திலிருந்து விற்பனைக்குப் போகும். அடுக்கு வரிசையாக மாறியது.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் யாரையும் கேட்காமல் சிலேட்டைப் படித்து மூட்டை எடுத்துக்கொண்டிருந்தான். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வரிசைச் சிலேட்டைக் காட்டி, "அந்த மூணு மூணா, அஞ்சா? நல்லா எழுதுடா" என்று அதட்டினார். இப்போது சிலேட்டுகளுக்கு அவர்தான் பொறுப்பு.