பழவேற்காட்டில் இரண்டு சரித்திரங்கள்

ஐயப்பன்தாங்கலிலிருந்து பழவேற்காட்டுக்கு முதல்முறை போனபோது, எல்லோரையும்போல் நானும் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். டச்சுக்காரர்களின் கோட்டை எழுந்தது 1613இல். பதினேழாம் நூற்றாண்டில் துணி மட்டுமல்ல, பஞ்சத்தில் விலைபோன மனிதர்களும் இங்கிருந்து பட்டேவியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுக்குக் கல்லறையில்லை.

இன்னொரு சரித்திரம் ஏரியில் இருக்கிறது. ஆறும் கடலும் கலக்கும் அந்த உப்பங்கழியில் இறால் படும் இடங்களைப் பட்டினவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்குப் 'பாடு' என்று பெயர். யார், எந்த நாளில், எங்கே வலை கட்டலாம் என்பதை ஊர் தீர்மானிக்கிறது. கோட்டை இடிந்துபோயிற்று; இது இருக்கிறது. நியாயமான ஏற்பாடு என்று உடனே புகழ்ந்துவிட எனக்குத் தயக்கம்தான். இந்த முறைக்கு வெளியே நிற்கும் இருளர்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். முகத்துவாரம் மணலடைத்துக்கொண்டால், முறை வந்தவனும் வெறும் வலையோடு திரும்புகிறான்.