புகைப்படமும் போராட்ட வரலாறும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் தேடுவது ஆவணங்களையே. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு ஆகிய யாவும் ஆவணங்களே. ஆயின், இவற்றை எழுதுவித்தோர் பெரும்பாலும் நிலமும் அதிகாரமும் உடையோர். உழைத்தோரும் கல்வி மறுக்கப்பட்டோரும் இவற்றில் இடம்பெறும்போது வரி செலுத்துவோராகவோ, கூலியாட்களாகவோ, குற்றம் சாட்டப்பட்டோராகவோதான் காணப்படுகின்றனர். 1839-ஆம் ஆண்டில் டாகர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, இந்நிலை மாறுவதற்கு ஒரு வழி திறந்தது. எழுதப் படிக்க அறியாதவரின் முகமும் வருங்காலத்திற்கென நிலைத்து நிற்கும் வாய்ப்பு உண்டாயிற்று.

அவ்வாய்ப்பு எந்த அளவிற்குக் கைகூடியது? தொழிலாளரும் மாணவரும் நடத்திய மூன்று போராட்டங்களின் படங்களைக் கொண்டு இதனை ஆராய்தல் நமக்குப் பயன் தரும்.

அரண்மனைக்குச் சென்ற படம்

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள். இலண்டன் மாநகரின் கென்னிங்டன் திடலில் ஆங்கிலேயத் தொழிலாளர் பெருந்திரளாகக் கூடினர். வயது வந்த ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை, மறைமுக வாக்கெடுப்பு முதலிய ஆறு கோரிக்கைகளை முன்வைத்த சாசன இயக்கத்தின் கூட்டம் அது. வில்லியம் கில்பர்ன் என்ற புகைப்படக் கலைஞர் அக்கூட்டத்தை வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிவு செய்தார். தொழிலாளர் போராட்டத்தைக் காட்டும் மிகப் பழைய புகைப்படங்களுள் அது ஒன்றாகும்.

கூட்டத்திற்கு வந்தோர் 15,000 பேர் என்றது அரசுத் தரப்பு. ஒன்றரை இலட்சத்திற்கும் மேல் என்றனர் இயக்கத்தார். படம் இவ்வழக்கைத் தீர்த்து வைக்கவில்லை. திடலில் நிற்போரில் பலர் மேடையை நோக்கி நிற்பதால், நாம் காண்பது அவர்தம் முதுகுகளையும் தொப்பிகளையுமே. அவர்களுள் எவர் பெயரும் படத்தில் குறிக்கப்படவில்லை. இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்படத்தைப் பெற்றுப் பாதுகாத்தவர் விக்டோரியா அரசியாரின் கணவர் ஆல்பர்ட் இளவரசர். இன்றும் அது அரச குடும்பத்துத் தொகுப்பில்தான் உள்ளது. வாக்குரிமை கேட்டு நின்றவர்களின் படம், எவரிடம் அவ்வுரிமையைக் கேட்டார்களோ அவர்கள் இல்லத்திலே தங்கிவிட்டது.

மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்

இரண்டாவது போராட்டம் நம் நெஞ்சுக்கு மிக அணுக்கமானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் குப்பை அள்ளும் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் கருப்பின மக்கள். 1968 பிப்ரவரி 1-ஆம் நாள் கொட்டிய மழைக்கு ஒதுங்க வேறிடமின்றி, எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர் குப்பை வண்டியின் பின்பகுதியில் ஏறி நின்றனர். குப்பையை அழுத்தும் இயந்திரம் பழுதினால் இயங்கி, இருவரையும் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வு, பாதுகாப்பு, தொழிற்சங்கத்திற்கு ஏற்பு ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். ஆனால் கையில் ஏந்திய அட்டைகளில் அவர்கள் பொறித்திருந்த வாசகம் ஒன்றே: ‘நான் ஒரு மனிதன்’. இவ்வாசகத்திற்கு நம்மவர்க்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

மார்ச் 28 அன்று ஊர்வலம் புறப்படுமுன், தெருவை அடைத்து வரிசையாக நின்ற தொழிலாளரை எர்னஸ்ட் விதர்ஸ் என்ற கருப்பினப் புகைப்படக் கலைஞர் படம் எடுத்தார். ஏந்திய அட்டைகள் யாவும் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அப்படம் உலகப் புகழ் பெற்றது. இத்தொழிலாளர்க்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது, கூலியும் உயர்ந்தது.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறைத்தலாகாது. விதர்ஸ் 2007-இல் மறைந்தார். அவர் 1960-களில் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைக்கு இயக்கத்தாரைப் பற்றிய செய்திகளையும் படங்களையும் அளித்து வந்தார் என்பதை 2010-இல் மெம்பிஸ் நாளேடு ஒன்று வெளியிட்டது. ஒரே கலைஞரின் படங்கள் போராடியோரின் மாண்பை உலகுக்கு அறிவித்தன. அவர்களை அடையாளங்காட்டவும் பயன்பட்டன. படம் என்பது இருபுறமும் கூருடைய வாள். அது யார் கையைச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது.

சொவெட்டோ மாணவர்

மூன்றாவது, பள்ளி மாணவர் நடத்திய போராட்டம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு கருப்பின மாணவர்க்குத் தரம் குறைந்த கல்வியையே வகுத்திருந்தது. அது போதாதென்று, பாடங்களில் பாதியை ஆளுவோர் மொழியாகிய ஆப்பிரிக்கான்சு வாயிலாகவே கற்பிக்க வேண்டும் என 1974-இல் ஆணை பிறந்தது. தமக்குப் புரியாத மொழியில் கணக்கையும் சமூகவியலையும் கற்கும் பிள்ளையின் துன்பத்தை வகுப்பறையில் நின்று பழகிய எவரும் உணர்வர். 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ நகரில் ஆயிரக்கணக்கான மாணவர் சீருடையுடன் ஊர்வலமாகச் சென்றனர். காவலர் சுட்டனர்.

குண்டடிபட்ட எக்டர் பீட்டர்சன் என்ற சிறுவனை எம்புயிசா மகுபோ என்ற இளைஞர் இரு கைகளிலும் ஏந்தி ஓட, சிறுவனின் தமக்கை கதறியவாறு உடன் ஓடும் காட்சியை, ‘தி வேர்ல்டு’ என்ற நாளேட்டின் சாம் நிசிமா படம் எடுத்தார். காவலர் பறித்துவிடுவர் என்றுணர்ந்து, படச்சுருளைத் தம் காலுறைக்குள் மறைத்துக் காப்பாற்றினார். அப்படம் நாடு நாடாகச் சென்றது. ஒழுங்கைக் காக்கவே சுட்டோம் என்ற அரசின் கூற்றை உலகம் நம்ப மறுத்ததற்கு அது ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. காவல்துறையின் கெடுபிடியால் நிசிமா பணியைத் துறந்து தம் சிற்றூருக்குத் திரும்ப நேர்ந்தது. அந்நாளேடு 1977-இல் தடை செய்யப்பட்டது. மகுபோ நாட்டைவிட்டு வெளியேறினார். 1978-இல் நைசீரியாவிலிருந்து அவர் தாயாருக்குக் கடிதம் வந்தது. அதன்பின் அவருக்கு என்ன நேர்ந்தது என்பது உறுதிப்படவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு பெயரையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே நாளில் எக்டருக்கு முன்னரே சுடப்பட்டதாகக் கருதப்படும் மாணவர் ஏசுட்டிங்சு இண்ட்லோவு, வயது 15. அவர் வீழ்ந்த இடத்தில் புகைப்படக்காரர் எவரும் இல்லை. எனவே உலகம் எக்டரை அறிந்த அளவிற்கு அவரை அறியவில்லை. உயிர் இரண்டும் ஒன்றே, ஈகமும் ஒன்றே. வேறுபாடு, ஒரு படம் மட்டுமே. படம் இல்லாதவர்களின் வரலாற்றைச் சொல்லாலும் எழுத்தாலும் காத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெயர் எழுதிய ஆசிரியர்

அங்ஙனம் காக்கும் முறையை நமக்குக் கற்பித்தவர் ஓர் ஆசிரியர் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. நியூயார்க் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த லூயிஸ் ஹைன், 1908 முதல் அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக் குழுவிற்காகப் படம் எடுத்தார். பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய சிறுவரைப் படம் எடுத்ததோடு அவர் அமையவில்லை. பெயர், வயது, ஊர், செய்யும் வேலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு பிள்ளைகளின் உயரத்தையும் கணித்தார். பொய்ப்படம் என எவரும் தள்ளிவிட முடியாதவாறு ஒவ்வொரு படத்தையும் சாட்சியமாக்கினார். குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் நிலையான சட்டம் அந்நாட்டில் 1938-இல் நிறைவேறியதற்கு அப்படங்களும் துணை நின்றன.

நாம் செய்யத்தக்கது

மேற்கண்ட செய்திகளால் நாம் தெளியும் உண்மை ஒன்று. படம் தானே வரலாறு ஆகாது. அதில் உள்ளோர் யாவர், நாள் எது, இடம் எது, எதற்காக நின்றனர் என்று எழுதப்பட்டு, உரியவர் கையில் காக்கப்படும்போதே அது வரலாறு ஆகிறது.

கல்விச் சங்கங்களின் குழுப்படங்களைப் பாருங்கள். நாற்காலியில் அமர்ந்தோர் பெயர்கள் இடமிருந்து வலமாக அச்சிடப்பட்டிருக்கும். பின்வரிசையில் நிற்போர் ‘மாணவர்கள்’ என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவர். விடுதிச் சமையலாளரும் காவலாளியும் படத்திலேயே இடம் பெறார். கென்னிங்டன் திடலின் பெயரற்ற முதுகுகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆதலின், வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். நம் இல்லங்களில் பெட்டிக்கடியிலும் சுவரிலும் உள்ள பழைய படங்களைத் தொகுத்து, அவற்றின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஆண்டும் ஊரும் பெயர்களும் எழுதுவோம். முகங்களை அடையாளங்காட்ட வல்ல முதியோர் நம்மிடையே வாழும் நாளிலேயே இதனைச் செய்வோம். படம் எடுக்கப்படாதவர்களின் பெயர்களுக்கெனத் தனியே ஓர் ஏடு வைப்போம். பின்வரிசையிலிருந்து தொடங்கி எழுதுவோம்.