பாழ்மேட்டுக்கு இரண்டு உறுப்பினர்: இளைய பிட்டின் தேர்தல் சீர்திருத்த முயற்சி

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்குச் சற்று வடக்கே ஓல்ட் சேரம் என்ற மேடு இருக்கிறது. இடைக்காலத்தில் கோட்டையும் பேராலயமும் கொண்ட ஊர் அது. 13ஆம் நூற்றாண்டில் பேராலயத்தைக் கீழே சமவெளியில் புதிதாகக் கட்டத் தொடங்கியதும், குடிகளும் மேட்டை விட்டு இறங்கிப் போனார்கள். நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை மட்டும் போகவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. குறிப்பிட்ட சில மனைகள் யார் பெயரில் இருந்தனவோ அவர்களே வாக்காளர்கள். தேர்தல் நாளில் வயல்வெளியில் ஓர் எல்ம் மரத்தடியில் கூடி, நிலத்தின் சொந்தக்காரர் காட்டிய ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைந்தார்கள்.

இப்படிப்பட்டவற்றை அழுகிய தொகுதிகள் என்றார்கள். ஓல்ட் சேரம் அவற்றில் மிக மோசமானது. ஆனால் தனித்த விதிவிலக்கு அல்ல. சஃபோக் கடற்கரையில் டன்விச் துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோன பிறகும் அதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. கார்ன்வால் என்ற ஒரே கடைக்கோடி மாவட்டம் 44 உறுப்பினர்களை அனுப்பியது. ஆலைகளால் பெருத்துவந்த மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் நகரங்களுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. நாடாளுமன்றத்தின் கீழவையான, 558 பேர் கொண்ட காமன்ஸ் சபையில் கணிசமான இடங்கள் பிரபுக்களின் கைப்பிடியிலோ கருவூலத்தின் செல்வாக்கிலோ இருந்தன. அவற்றை விற்றார்கள், வாங்கினார்கள், பரம்பரைச் சொத்தைப் போலப் பிள்ளைகளுக்கும் விட்டுச்சென்றார்கள்.

ஓல்ட் சேரம் மேட்டை 1690களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கிய தாமஸ் பிட், பின்னர் 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது அவர் காலத்தில்தான். சென்னையில் அவர் 48,000 வராகனுக்கு வாங்கிய பெரிய வைரம் 1717இல் பிரான்ஸின் அரசப் பிரதிநிதிக்கு விலைபோனது. இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓல்ட் சேரத்தை வாங்கியது வைரப் பணம் என்று சிலர் எழுதுவதுண்டு. ஆண்டுக் கணக்கு அதற்கு ஒத்துவராது. மேட்டை வாங்கியது, அவர் முன்பு வங்காளக் கரையில் கம்பெனியின் தனியுரிமையை மீறி நடத்திய வணிகத்தில் சேர்த்த பணம். வைரப் பணம் பின்னால் கார்ன்வாலில் பண்ணை வாங்க உதவியது. எப்படியாயினும், அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735இல் முதன்முதலாகக் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தது ஓல்ட் சேரத்தின் உறுப்பினராகத்தான்.

தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன் இளைய வில்லியம் பிட் 1780இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதியில் நின்று தோற்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில், சர் ஜேம்ஸ் லோதர் என்ற நிலச்சுவான்தாரின் சட்டைப்பைக்குள் இருந்த ஆப்பிள்பி தொகுதி வழியாக, 21 வயதில் உறுப்பினரானார். அழுகிய தொகுதிகளை ஒழிக்கவேண்டும் என்ற வாதத்தை முதன்மையாக எடுத்துப்பேசியவர் இவரே. அப்போது சூழலும் சாதகமாக இருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் பிரிட்டனுக்குத் தோல்வியில் முடிந்துகொண்டிருந்தது, வரி ஏறியிருந்தது, யார்க்ஷயரில் கிறிஸ்டஃபர் வைவில் என்ற பாதிரியார் நிலவுடைமையாளர்களைத் திரட்டி மனுமேல் மனு அனுப்பிக்கொண்டிருந்தார்.

1782 மே 7 அன்று, பிரதிநிதித்துவத்தை ஆராய ஒரு குழு வேண்டும் என்று பிட் கோரினார். அந்தப் பேச்சின் கூர்மையான பகுதி ஆற்காட்டைப் பற்றியது. ஆற்காடு நவாபுக்கு இந்தச் சபையில் ஏழெட்டு உறுப்பினர்கள் இருந்தது ஊரறிந்த செய்தி. பணம் இருந்தால் பகை நாடுகூட இவ்வழியே தனக்கொரு கட்சியை இங்கே உட்காரவைக்கலாமே என்பது அவர் வாதம். அது மேடைப் பேச்சுக்கான மிகை அல்ல. நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்த கம்பெனி ஊழியர்கள், தஞ்சாவூர் விளைச்சல் உட்படப் பல ஊர்களின் வருவாயை ஈடாக எழுதி வாங்கியிருந்தனர். அவர்களில் பெயர்பெற்ற பால் பென்ஃபீல்டு 1780இல் கிரிக்லேடு தொகுதியின் உறுப்பினரானார். காவிரிக் கரை உழவரிடம் வசூலான நெல்லும் பணமும், பல கை மாறி, ஆங்கிலேய வாக்காளரின் சாராயச் செலவாக முடிந்தன என்றால் மிகையாகாது. தீர்மானம் 161க்கு 141 என்று வெறும் இருபது வாக்கில் தோற்றது. சீர்திருத்தத் தரப்பு அடுத்த 49 ஆண்டுகளில் இவ்வளவு கிட்டத்தில் வரவேயில்லை.

மறு ஆண்டு, மாவட்டங்களுக்கும் லண்டனுக்கும் சுமார் நூறு உறுப்பினர்களைக் கூட்டலாம் என்றார் பிட். ஓல்ட் சேரத்தை அப்போது வைத்திருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் தாமஸ் பிட், தம் தொகுதியை விட்டுத்தர முன்வந்தார். 293க்கு 149 என்று அதுவும் வீழ்ந்தது. 1783 டிசம்பரில் 24 வயதில் பிட் பிரதமரானார். அந்தத் தாமஸ் பிட் சில நாட்களில் பிரபுவானார்.

1785 ஏப்ரல் 18 அன்று வந்த மூன்றாவது திட்டம்தான் கவனித்துப் படிக்கவேண்டியது. 36 சிறு தொகுதிகளின் 72 இடங்களை மாவட்டங்களுக்கும் லண்டனுக்கும் மாற்றுவது; கட்டாயம் கிடையாது; ஒரு தொகுதியின் வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினர் மனு கொடுத்தால் அந்த உரிமையை அரசே விலைக்கு வாங்கும்; அதற்கு 10 லட்சம் பவுண்டு நிதி. மாவட்டங்களில் காப்பிஹோல்டு என்ற வகை நிலம் வைத்திருப்போருக்கும் வாக்கு. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை என்று 1780இல் ரிச்மண்ட் பிரபு கேட்டதைப் பிட் ஒருபோதும் ஏற்கவில்லை. வாக்குரிமை என்பது பொறுப்பு, சொத்து அல்ல என்பது சீர்திருத்தக்காரர்களின் அடிப்படை. அதையே விலைகொடுத்து வாங்க முன்வந்தது, கொள்கையை விட்டுக்கொடுத்துக் காரியத்தைச் சாதிக்கப் பார்த்த முயற்சி.

காரியமும் நடக்கவில்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குத் திட்டம் பிடிக்கவில்லை. அமைச்சர்களே ஒருமனதாக இல்லை. அதற்குச் சற்று முன்பு, வெஸ்ட்மின்ஸ்டரில் வென்ற எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸின் வெற்றியை, வாக்கு மறுபரிசீலனை என்ற பெயரில் மாதக்கணக்கில் இழுத்தடிக்கத் துணைநின்று பிட் தம் பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு பிப்ரவரி 28 அன்று எதிர்க்கட்சியின் எட்மண்ட் பர்க், பிட் அரசு ஆற்காட்டுக் கடன்களை விசாரணையில்லாமல் ஒப்புக்கொண்டதே பென்ஃபீல்டு தேடித்தந்த எட்டு உறுப்பினர்களுக்கான கைம்மாறு என்று குற்றம்சாட்டி நீண்ட உரையாற்றினார். மூன்றாண்டுக்கு முன் பிட் எய்த அம்பு அவர் மீதே திரும்பியது. (பர்க்கும் தொகுதிச் சீர்திருத்தத்துக்கு எதிரிதான்.) மசோதாவைக் கொண்டுவரவே 248க்கு 174 என்று அனுமதி மறுக்கப்பட்டது. பிட் பிறகு அதைத் தொடவில்லை.

தொகுதி உரிமையாளர்களின் சொத்தைத் தொடாத அவருடைய மற்ற உள்நாட்டுச் சீர்திருத்தங்கள் பல நிறைவேறின. 1784இல் தேயிலை மீதான வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைந்து கள்ளக்கடத்தல் படுத்தது. ஈடுசெய்யச் சன்னல் வரி உயர்ந்தது. அரசுக் கடன் பத்திரங்களை வேண்டியவர்களுக்குப் பங்கிட்டுத்தரும் வழக்கத்துக்குப் பதிலாக முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளி முறை வந்தது. வேலையில்லாமல் சம்பளம் தரும் பதவிகள் பல, காலியானபோது நிரப்பப்படவில்லை. தேசியக் கடனை அடைக்க 1786இல் ஆண்டுக்கு 10 லட்சம் பவுண்டு ஒதுக்கும் நிதி உருவானது. சபை உறுப்பினர்களுக்குச் சலுகை காட்டிக் கட்டிப்போடும் வழிகள் இவற்றால் மெல்லச் சுருங்கின. அழுகிய தொகுதிகளை எதிர்த்த தீர்மானங்களைவிட இவை அதிகம் சாதித்தன என்று சொல்லவும் இடமுண்டு.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பிட் தொகுதிச் சீர்திருத்தத்துக்கு எதிர்ப்பக்கம் போனார். 1793இல் எதிர்க்கட்சியின் சார்ல்ஸ் கிரே கொண்டுவந்த சீர்திருத்தத் தீர்மானம், பிட்டின் எதிர்ப்போடு, 282க்கு 41 என்று தோற்றது. ஆனால் விலைக்கு வாங்கும் யோசனை சாகவில்லை. 1800இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தைப் பிரிட்டனோடு இணைத்தபோது, இடமிழந்த ஐரிஷ் தொகுதிகளின் உரிமையாளர்களுக்குத் தலா 15,000 பவுண்டு, மொத்தம் 12,60,000 பவுண்டு, பிட்டின் ஆட்சியில் கொடுக்கப்பட்டது.

1832இல் பிரதமராக இருந்த அதே கிரே அந்தப் பேரத்துக்குப் போகவில்லை. அவ்வாண்டின் சட்டத்தில் 56 தொகுதிகள், ஓல்ட் சேரமும் டன்விச்சும் உட்பட, ஒரு காசு இழப்பீடின்றி நீக்கப்பட்டன. மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு உறுப்பினர்களைப் பெற்றன. வாக்கை எல்லார் முன்னிலும் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் மட்டும் 1872 வரை நீடித்தது.