ஓட்டில் எழுதிய ஓட்டு

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பொதுத் தேர்தல் முடிவு வெளியான மறுநாள் காலையில், பத்திரிகையை நாலாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். அவர் முகத்தைப் பார்த்தாலே போதும். அவர் ஓட்டுப் போட்ட ஆசாமி தோற்றுப்போனார் என்பது தெரிந்துவிடும். பெரியவரின் ராசி அப்படி! அவர் ஆதரித்த யாரும் ஜெயித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ஸார்! இந்த மனுஷரை இன்னும் ஐந்து வருஷம் சகித்துக்கொண்டிருக்க வேண்டுமே! நாற்காலியில் உட்கார வைப்பதற்கு என் கையில் ஒரு சீட்டுக் கொடுக்கிறார்கள். எழுப்பி வெளியே அனுப்புவதற்கும் ஒரு சீட்டுக் கொடுக்கக் கூடாதோ?" என்பார்.

பெரியவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. 2013-ஆம் ஆண்டு முதல் நம்முடைய தேர்தல்களில் 'இவர்களில் எவரும் வேண்டாம்' என்று சொல்லவும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டசபைக்கோ பாராளுமன்றத்துக்கோ நடக்கும் தேர்தலில் அந்தப் பொத்தானை எத்தனை பேர் அழுத்தினாலும், மற்றவர்களுக்குள் அதிக ஓட்டு வாங்கியவர் மாலை போட்டுக்கொண்டு போய்விடுகிறார். பெரியவர் கேட்டது அதுவல்ல. குறிப்பிட்ட ஒரு மனிதரை, பெயர் சொல்லி, தம் கையாலேயே வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

அந்த ஆசையை மெய்யாகவே நிறைவேற்றி வைத்த ஊர் ஒன்று உலகத்தில் இருந்தது. ஏறக்குறைய 2,500 வருஷங்களுக்கு முன்னால், கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் பிரஜைகளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். ஆனால் கையில் கொடுத்தது சீட்டு அல்ல. காகிதம் அந்தக் காலத்தில் ஏது? எகிப்திலிருந்து வரும் பாப்பிரஸ் தாளுக்கோ விலை அதிகம். ஆகவே ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றுபோல் இனாமாகக் கிடைக்கக்கூடிய சாமான் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். அதுதான் உடைந்த பானை ஓடு! தமிழில் 'ஓட்டு' என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தி வருவது தற்செயல்தான். ஆனாலும் ஏதென்ஸ்காரன் ஓட்டில் எழுதி ஓட்டுப் போட்டான் என்று சொல்லும்போது நமக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கிறது.

இந்த ஏற்பாடு எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஏதென்ஸில் பிஸிஸ்ட்ராடஸ் என்று ஒரு தலைவன் இருந்தான். ஜனங்களுக்கு அவன்மேல் ஒரே மோகம். ஒருநாள் அவன் தன் உடம்பில் தானே காயம் செய்துகொண்டு, சந்தை வெளியில் வந்து நின்று, "பகைவர்கள் என்னைக் கொல்லப் பார்த்தார்கள்!" என்று முறையிட்டான். ஜனங்கள் மனம் உருகி, அவனுக்குத் தடி ஏந்திய மெய்காப்பாளர் படை ஒன்றை அளித்தார்கள். அந்தப் படையைக் கொண்டே அவன் நகரத்தின் கோட்டையைப் பிடித்து ராஜ்யத்தைத் தன் வசமாக்கிக்கொண்டான். அவனுக்குப் பிறகு அவன் மகன் ஹிப்பியாஸ் ஆண்டான். கி.மு. 510-ல்தான் அந்தக் குடும்பத்தை நகரத்தை விட்டு ஓட்ட முடிந்தது.

சூடு கண்ட பூனை ஆயிற்றே ஏதென்ஸ்! ஜனங்களின் அன்பைச் சம்பாதித்த மனிதன்தான் ஜனங்களின் சுதந்திரத்தைத் திருட வல்லவன் என்ற பாடத்தை அது மறக்கவில்லை. கிளைஸ்தனீஸ் என்ற சீர்திருத்தக்காரர் புதிய ஆட்சி முறையை வகுத்தபோது, இந்த ஓட்டுச் சட்டத்தையும் அவரே ஏற்படுத்தினார் என்று அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் நூல் கூறுகிறது.

சட்டம் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், ஜனசபையில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள்: "இந்த வருஷம் யாரையாவது வெளியேற்ற வேண்டுமா?" யாரை என்று கேட்பதில்லை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதும் கிடையாது. எழுந்து பதில் சொல்லிச் சமாதானம் செய்வதும் கிடையாது. பெரும்பாலோர் 'வேண்டும்' என்று கை தூக்கினால், ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் குறிப்பார்கள். கோபம் ஆறுவதாக இருந்தால் ஆறட்டும், முற்றுவதாக இருந்தால் முற்றட்டும் என்று விட்ட அவகாசம் போலும்!

குறித்த நாளன்று சந்தை வெளியைப் பலகைகளால் அடைத்துப் பத்து வாசல் விடுவார்கள். அவரவர் பிரிவுக்கு உரிய வாசல் வழியாகப் பிரஜைகள் உள்ளே போவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஓடு. அதில் ஒரு பெயர் கீறியிருக்கும். எழுத்து வெளியே தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போய்ப் போட வேண்டும். மொத்தம் 6,000 ஓடுகளாவது விழுந்தால்தான் செல்லும் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். செல்லுமானால், யார் பெயர் அதிகமாக இருக்கிறதோ அவர் பத்து நாளில் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். பத்து வருஷம் ஊர்ப் பக்கம் திரும்பக் கூடாது.

தண்டனை அவ்வளவே. தலை போகாது, வீடு வாசல், நிலபுலன் எதுவும் பறிபோகாது. அவற்றின் வருமானம் அவருக்கு வந்துகொண்டே இருக்கும். பத்து வருஷம் முடிந்ததும் திரும்பி வந்து பழையபடி பிரஜையாக வாழலாம். இதை தேசப்பிரஷ்டம் என்று சொல்வதைவிடக் கட்டாய யாத்திரை என்று சொன்னாலும் தகும். மற்ற கிரேக்க நகரங்களில் கட்சிச் சண்டை வந்தால் தெருவில் ரத்தம் ஓடும். ஏதென்ஸ்காரர்கள் ஜனங்களின் ஆத்திரத்துக்கு ஒரு நாளும், ஒரு வடிவமும், ஓர் எல்லையும் வகுத்துக் கொடுத்தார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இந்த உரிமை இல்லை என்பது வாஸ்தவம். அந்தக் குறையைச் சொல்லிவிட்டே மேலே போவோம்.

முதல் முதலாக இந்தச் சட்டம் பாய்ந்தது கி.மு. 487-ல். வெளியேறியவர் பழைய கொடுங்கோல் குடும்பத்துக்கு உறவான ஹிப்பார்க்கஸ். அதற்குப் பிறகு எழுபது வருஷ காலத்தில் பல பெரிய மனிதர்கள் இந்த வாசல் வழியாகப் போனார்கள்.

இவையெல்லாம் ஏட்டுச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். அந்த ஓடுகளே கிடைத்திருக்கின்றன! ஏதென்ஸில் பூமியைத் தோண்டிப் பதினாயிரத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். குயவர் பேட்டையாக இருந்த கெராமைகோஸில் மட்டும் 1960-களில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவை அகப்பட்டன. பெரும்பாலானவற்றில் வெறும் பெயரும் தகப்பன் பெயரும்தான். ஆனால் சில பேருக்கு அதோடு திருப்தி ஏற்படவில்லை. மெகக்ளீஸ் என்ற செல்வந்தரின் பெயரை எழுதிய ஒருவன், அவர் குதிரை வளர்க்கும் ஆடம்பரத்தைக் குத்திக் காட்டியிருக்கிறான். இன்னொருவன் அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியே எழுதிவிட்டான். கிமோன் என்ற தளபதியைத் தங்கையையும் கூட்டிக்கொண்டு போய்விடும்படி சொல்கிறது ஓர் ஓடு. பாரஸீகரோடு உறவாடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரைப் பாரஸீக உடையில் சித்திரமாகவே வரைந்துவிட்டான் ஒரு கெட்டிக்காரன்.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டவை வேறு சில ஓடுகள். அவற்றில் எந்த அரசியல்வாதியின் பெயரும் இல்லை. 'பஞ்சம்' என்று எழுதியிருக்கிறது. ஊரை விட்டு வெளியேற்ற வேண்டியது யாரை என்று கேட்டதற்கு, பசியை வெளியேற்றுங்கள் என்று பதில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான் அந்தப் பிரஜை. அவனுடைய ஓடு எந்தக் கணக்கிலும் சேர்ந்திராது. ஆனால் அது அவன் கையால் எழுதியது.

கையால் எழுதியது என்று சொன்னேன் அல்லவா? இந்தச் சரித்திரத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

கி.மு. 482-ல் அரிஸ்டைடீஸ் வெளியேற்றப்பட்டார். 'நீதிமான்' என்று ஊரே கொண்டாடிய மனிதர் அவர். ஓட்டுப் போடும் நாளன்று நாட்டுப்புறத்துக் குடியானவன் ஒருவன் அவரிடமே வந்து ஓட்டை நீட்டினானாம். அவர் இன்னார் என்று அவனுக்குத் தெரியாது.

"ஐயா, எனக்கு எழுத்து வாசனை கிடையாது. இதிலே அரிஸ்டைடீஸ் என்று கீறிக் கொடுங்கள்" என்றான்.

"அப்பா, அந்த மனிதர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?"

"ஒரு கெடுதலும் இல்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. போகிற இடமெல்லாம் நீதிமான், நீதிமான் என்கிறார்களே, கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று!"

அரிஸ்டைடீஸ் பேசாமல் தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்துவிட்டார். புளூடார்க் சொல்லும் கதை இது. சம்பவம் நடந்து ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகு எழுதியவர் அவர். ஆகவே அப்படியே நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடியானவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய காரணம் அற்பமானதுதான். ஆனால் அது அவனுடைய சொந்தக் காரணம். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல.

பத்து வருஷம் முடியும்வரை அரிஸ்டைடீஸ் காத்திருக்கவும் நேரவில்லை. கி.மு. 480-ல் பாரஸீகச் சக்கரவர்த்தி பெரும் படையோடு வந்தபோது, ஏதென்ஸ் தான் வெளியேற்றியவர்களைத் திரும்ப அழைத்தது. ஸலாமிஸ் கடற்போருக்கு முந்தின இரவு, பகைவரின் கப்பல்கள் வளைத்துக்கொண்டுவிட்ட செய்தியை, தம்முடைய பரம வைரியான தெமிஸ்டோக்ளீஸிடம் வந்து சொன்னவர் அரிஸ்டைடீஸ்தான். மறு வருஷம் பிளாட்டியா போரில் ஏதென்ஸ் சேனைக்குத் தலைமை வகித்தவரும் அவரே. தலையை வாங்கியிருந்தால் அந்தத் தலை ஆபத்துக் காலத்தில் கிடைத்திருக்குமா?

இனி, கதையின் மறுபக்கத்துக்கு வருவோம். 1937-ல் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு பழைய கிணற்றைத் தோண்டியபோது ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. 190 ஓடுகளில் ஒரே பெயர்: தெமிஸ்டோக்ளீஸ். அறிஞர்கள் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 190 ஓடுகளையும் எழுதியவர்கள் பதினான்கே பேர்! யாரோ சிலர் கூடி உட்கார்ந்து, விநியோகிப்பதற்காக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் செய்த உபகாரம் என்றும் இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் உபகாரம் செய்கிறவர்கள் எல்லா ஓட்டிலும் ஒரே பெயரை எழுதுவானேன்? ஸலாமிஸில் நாட்டைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளீஸும் கி.மு. 471-ஐ ஒட்டி வெளியேற்றப்பட்டு, கடைசியில் பாரஸீக மன்னனிடமே அடைக்கலம் புகுந்து அந்நிய மண்ணில் இறந்தார்.

கிணற்றில் கிடந்தது வியாதியின் அறிகுறி. வியாதி முற்றியது கி.மு. 416-ஐ ஒட்டி. அப்போது ஏதென்ஸில் இரண்டு பெருந்தலைவர்கள். ஒருவர் நிதானஸ்தரான நிஸியாஸ். மற்றவர் துடுக்கும் அழகும் நிறைந்த ஆல்ஸிபியாடீஸ். இருவரில் ஒருவர் போக வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்தது. ஹைபர்போலஸ் என்ற மேடைப் பேச்சாளர் இதற்காகவே ஓட்டெடுப்பு நடத்தும்படி தூண்டினார். விரோதிகள் இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, தங்கள் ஆட்களையெல்லாம் ஹைபர்போலஸ் பெயரையே எழுதும்படி ஏவிவிட்டார்கள். ஓடுகளை எண்ணினார்கள், ஹைபர்போலஸ் போனார்!

ஜனங்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வெட்கப்பட்டார்கள். அதற்கப்புறம் ஏதென்ஸில் ஒருவரும் ஓட்டினால் வெளியேற்றப்படவில்லை. சட்டம் என்னவோ இருந்தது. ஏறக்குறைய எண்பது வருஷம் கழித்தும் வருஷா வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கேள்வி இருந்தது, நம்பிக்கை போய்விட்டது.

அதன் விலையையும் ஏதென்ஸ் கொடுத்தது. கி.மு. 415-ல் ஸிஸிலித் தீவின்மேல் படையெடுக்க வேண்டும் என்றார் ஆல்ஸிபியாடீஸ். கூடாது என்றார் நிஸியாஸ். இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ள ஏதென்ஸுக்கு இருந்த வழி வீணாகிப் போயிருந்தது. இருவரையுமே தளபதிகளாக அனுப்பினார்கள். ஒருவர் பாதியில் எதிரியிடம் ஓடினார். மற்றவர் மனமில்லாமல் நடத்திய யுத்தத்தில் கி.மு. 413-ல் கப்பற்படையும் சேனையும் அடியோடு அழிந்தன.

நம் காலத்திலும் இதன் சாயலைக் காணலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்து ஜனங்கள் 2003-ல் தங்கள் கவர்னர் கிரே டேவிஸைப் பதவிக் காலத்தின் நடுவிலேயே ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். அவருடைய இடத்தில் ஒரு சினிமா நடிகரை ஏற்றினார்கள். ஜனங்களின் கோபம் நிஜம்தான். ஆனால் அந்த ஓட்டெடுப்புக்கு வேண்டிய லட்சக்கணக்கான கையெழுத்துகளைக் கூலிக்கு ஆள் வைத்துச் சேகரிக்கப் பெரும் பணம் கொடுத்தவர், கவர்னரின் எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு கோடீசுவரர். கிணற்றிலே கிடந்த அந்த 190 ஓடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன அல்லவா?

பெரியவர் இன்று உயிரோடிருந்து திண்ணைக்கு வந்தால், இந்தக் கதை முழுவதையும் அவருக்குச் சொல்வேன். "அதனாலே என்ன, ஸார்? எனக்கு ஓர் ஓடு கொடுக்கச் சொல்லுங்கள்!" என்றுதான் அவர் சொல்வார். கொடுக்கலாம், தப்பில்லை. கோபத்தை மனத்தில் வைத்துப் புழுங்குவதைவிட ஓட்டில் எழுதிவிடுவது மேல். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன்.

"எழுதுவது உங்கள் கைதானே, ஸார்?"