பிறப்பா குற்றம்?

குற்றம் புரிந்தவனைத் தண்டிப்பது நீதி. குற்றவாளியாகவே ஒருவன் பிறக்கிறான் என்பது? அதையும் சட்டமென்றே அழைத்தது வெள்ளையர் ஆட்சி! பிறப்பைப் பார்த்துத் தண்டனையை அளந்த மனுவின் நாட்டில் அந்த நச்சு விதை எளிதில் வேர்விட்டது.

1871-இல் வடக்கே தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்தையும் பற்றியது. பிறமலைக் கள்ளர் கைரேகை பதிக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். திருடியதற்காக அல்ல, பிறந்ததற்காக!

ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரம். அங்கே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் முதலானோர் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடெங்கிலும் அது ஒழிந்தது.

ஆனால், பறிகொடுத்தோர்க்கு விடை என்ன? குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கு அரசே இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்னும் விதி, 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால்தான் குற்றவியல் நடைமுறையில் இடம்பெற்றது. அது போதுமா? குற்றம் செயலைச் சேர வேண்டும், பிறப்பை அன்று. செய்தது அரசேயாயினும் பொறுப்பு அரசையே சேர வேண்டும். அதுவரை சட்டச் சீர்திருத்தம் முடிந்ததென்று எவர் சொன்னாலும் ஏற்காதீர்!