ஔவை என்னும் பெயர்

இன்றைய தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியவர் ஔவையார். அவனிடம் நெல்லிக்கனி பெற்றமையும், அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றமையும் புறநானூற்றால் அறியப்படும். மக்கள் அவரை மூதாட்டியாகவே கருதுகின்றனர். 1953இல் வெளிவந்த ‘ஔவையார்’ திரைப்படமும் அக்கோலத்தையே நிலைநாட்டியது. இக்கருத்து எங்ஙனம் தோன்றிற்று என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஔவை, அவ்வை என்பன ஒரு சொல்லின் இரு வடிவங்கள். சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் அச்சொல் கண்ணகியின் தாயைக் குறிக்கின்றது. கன்னடத்தில் ‘அவ்வ’ தாயையும், தெலுங்கில் ‘அவ்வ’ பாட்டியையும் உணர்த்தும். இலத்தீனில் பாட்டியைக் குறிக்கும் ‘அவியா’ என்பதும் ஒலியால் நெருங்கியதே. எனினும் தொடர்பிலா மொழிகளிலும் உறவுச்சொற்கள் ஒலியொத்து அமைதல் உண்டாதலின், அதுகொண்டு மொழியுறவு கூறுதல் பொருந்தாது.

எனவே தாயைக் குறித்த முறைப்பெயரே மதிப்புப்பெயராய் வளர்ந்தது எனக் கோடல் தகும். பன்னூற்றாண்டு கழித்து ஆத்திசூடி பாடியவரும் அப்பெயரே பெற்றமைக்கு இது காரணமாகலாம். பின்னர் அது மகளிர்க்கு இடும் பெயருமாயிற்று.

ஆயின் ஔவையாரின் புறநானூற்று 89ஆம் பாட்டில், பகைவேந்தன் பாட்டுக்குரியாளை மைதீட்டிய கண்களையுடைய இளவிறலியாகவே விளிக்கின்றான். அது புலவர் கூற்றன்று, விறலி கூற்றே எனக் கொள்ளினும், அஞ்சியைப் பாடியவர் முதியவர் என்பதற்குச் சங்கப் பாடல்களில் தெளிவான சான்றில்லை. பெயரின் பொருளும் பிற்காலக் கதைகளுமே அவர்க்கு மூப்பளித்தன. பெயரையும் பெயருடையாரையும் பிரித்தறிதல் வரலாற்றாசிரியர் கடனாம்.