முற்றம் முதல் கண்டலம வரை: ஜெப்ரி பாவாவின் விடுதிகள்

இலங்கையில் வழிப்போக்கர் தங்கும் இடத்துக்கு நெடுங்காலமாக முக்கியமாக இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று வாடிவீடு. ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கி ஆங்கிலேயர் காலத்தில் பெருகிய அந்த ஓட்டுக் கட்டடத்தில் அகன்ற விறாந்தை, நாலைந்து அறைகள், பின்னால் ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். மற்றொன்று கப்பலில் வந்திறங்கும் ஐரோப்பியருக்காகக் கொழும்பில் எழுந்த பெரிய ஹோட்டல். 1864இல் திறந்த கோல்பேஸ் ஹோட்டலும் 1875இல் வந்த கிராண்ட் ஓரியண்டலும் அந்த வகை. 1960களில் ஜெட் விமானம் ஐரோப்பாவின் குளிர்காலத்தையும் இலங்கையின் கடற்கரையையும் ஒரு நாள் தொலைவுக்குள் கொண்டுவந்துவிட்டது. 1966இல் அரசு சுற்றுலாச் சபையை அமைத்தது. வருகிறவர்களை எங்கே, எப்படித் தங்கவைப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்குக் கட்டடத்தால் விடை சொன்னவர்களில் முதலில் நிற்பவர் ஜெப்ரி பாவா. அவருடைய விடை வாடிவீட்டுக்கு நெருக்கமானது, பெரிய ஹோட்டலிலிருந்து வெகுதூரம் விலகியது.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். குடும்பத்தில் முஸ்லிம், ஐரோப்பிய, பறங்கி, சிங்கள வேர்கள் பின்னிக் கிடந்தன. மகனும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், லண்டனில் சட்டம் என்று படித்து வழக்கறிஞராகத்தான் திரும்பினார். அந்தத் தொழில் அவருக்கு ஒட்டவில்லை. கொஞ்ச காலம் உலகம் சுற்றினார், இத்தாலியில் ஒரு வீடு வாங்கிக் குடியேற நினைத்தார், அது கைகூடவில்லை. 1948இல் பெந்தோட்டைக்கு அருகே, தெத்துவ ஏரியோரம் லுனுகங்க என்ற பழைய ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். அந்தக் காட்டைத் தோட்டமாக்க முனைந்தபோதுதான் தமக்குக் கட்டடக் கலை தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. மறுபடி லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957இல் தகுதி பெற்றபோது வயது 38. கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்டு பெக் என்ற பழைய நிறுவனத்தில் சேர்ந்தார்.

அக்காலத்துக் கொழும்பில் நவீனக் கட்டடம் என்றால் வெள்ளைப் பெட்டி வடிவம், தட்டைக் கூரை, பெரிய கண்ணாடிச் சன்னல். இரண்டு பருவமழைக்குப் பிறகு அந்த வெள்ளைச் சுவரில் பாசி படரும், தட்டைக் கூரை ஒழுகும், கண்ணாடிக்குப் பின்னால் அறை கொதிக்கும். இதற்கு மேல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. இரும்பும் கண்ணாடியும் நல்ல பொருத்துகருவிகளும் வெளிநாட்டிலிருந்து வருவது குதிரைக்கொம்பாயிற்று. கையிலிருந்தவை கருங்கல், செங்கல், சுண்ணாம்பு, மரம், சுட்ட ஓடு, அவற்றைக் கையாளத் தெரிந்த கொத்தனார், தச்சர். பாவாவும் அவருடன் பணியாற்றிய டென்மார்க் கட்டடக் கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும் இந்தத் தட்டுப்பாட்டையே துணையாக்கிக்கொண்டார்கள்.

அதன் முதல் பெரிய பலன் கொழும்பு அல்பிரட் பிளேசில் பத்திக் (மெழுகுச் சாயத் துணி) கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கட்டி 1962இல் முடிந்த வீடு. தெருவை நோக்கி உயர்ந்த மதில், உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அறைகள், எல்லாவற்றுக்கும் மேலே தாழ்ந்து இறங்கும் பெரிய ஓட்டுக் கூரை. சிங்களப் பிரபுக்களின் மாளிகையை வளவ்வ என்பார்கள். முற்றத்தைச் சுற்றிய கட்டைச் செட்டிநாட்டில் வளவு என்பார்கள். இந்த வீட்டுக்குள் கால் வைக்கும் எவருக்கும் இரண்டு சொற்களும் நினைவுக்கு வரும். ஆனால் பழைய வீட்டின் நகலாக அது இல்லை. அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே சுவர் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. ஒரு கோடியில் நின்றால் நாலைந்து வெளிகளைத் தாண்டி மறுகோடியின் பச்சை தெரியும்.

ஓட்டுக் கூரையில் ஒரு நுட்பம் உண்டு. நாட்டு ஓட்டை மட்டும் வேய்ந்தால் குரங்கும் காற்றும் ஓட்டை நகர்த்தும், மழை ஒழுகும், ஆண்டுதோறும் ஓடு மாற்ற வேண்டும். நெளிவுள்ள சிமெண்டுத் தகட்டை மட்டும் போட்டால் ஒழுகாது, ஆனால் வெயிலில் தகிக்கும், பார்க்கவும் சகிக்காது. தகட்டை அடியில் பரப்பி, அதன் பள்ளங்களில் அரைவட்ட ஓடுகளைப் பதித்தார்கள். தண்ணீரைத் தகடு தடுத்தது, வெயிலை ஓடு வாங்கிக்கொண்டது. இந்தச் சிறிய உபாயம் இல்லாமல் பாவாவின் அகன்ற ஓட்டுக் கூரைகள் எதுவும் நிலைத்திருக்க முடியாது.

1960களின் பிற்பகுதியில் பிளெஸ்னர் நாடு திரும்பினார். நிறுவனத்தில் பாவாவின் கூட்டாளியானவர் தமிழரான பொறியாளர் கே. பூலோகசுந்தரம். பாவா மனத்தில் கண்ட கூரையையும் தூணையும் கணக்கிட்டு நிற்கவைத்ததும், பெரிய வேலைகளைத் தாங்கும்படி அலுவலகத்தை நடத்தியதும் அவர் பொறுப்பு. பாவாவின் பெயரைச் சொல்லும் இடத்தில் இந்தப் பெயரும் சேர்ந்து ஒலிப்பதே நியாயம்.

பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வேலை 1967இல் தொடங்கி 1969இல் முடிந்தது. பெந்தர ஆறு கடலில் கலக்கும் முனை அது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், சற்றுத் தள்ளி ரயில் பாதை. பாவா அங்கிருந்த மேட்டைச் சாய்வான கருங்கல் சுவரால் கோட்டை அடிவாரம் போலச் சுற்றி வளைத்தார். வண்டியில் வருகிறவருக்கு முதலில் கடல் தெரியாது, கரடுமுரடான கல்தான் தெரியும். தாழ்ந்த, இருண்ட வாயில் வழியாக நுழைந்து படியேறினால் தலைக்கு மேலே ஈனா டி சில்வாவின் பத்திக் துணிகளால் ஆன கூரை. மஞ்சள், சிவப்பு, ஊதா என்று நிறங்கள் கொட்டும் அந்தத் துணிக் கூரைக்குக் கீழே நின்று நிமிர்ந்தால் எதிரே முற்றம், அதில் தண்ணீர், தண்ணீரோரம் மரங்கள். இருட்டிலிருந்து நிறத்துக்கு, நிறத்திலிருந்து தண்ணீருக்கு, அங்கிருந்து கடலுக்கு. ஒரு விருந்தினர் முப்பது நாற்பது அடி நடப்பதற்குள் இத்தனையும் நடந்துவிடுகின்றன. கோயிலில் கோபுர வாசல் தாண்டிப் பிராகாரத்துக்குள் போகிறவர்கள் அறியும் அனுபவம் இது.

அறைகள் மேல்மாடிகளில் கடலையும் ஆற்றையும் பார்த்து அமைந்தன. கீழ்த்தளம் காற்றுக்குத் திறந்தே இருந்தது. லக்கி சேனநாயக்கவின் சிற்பங்கள், பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணிகள், உள்ளூர்த் தச்சரின் நாற்காலிகள் என்று உள்ளே இருந்தவை அனைத்தும் நாட்டுக்குள்ளேயே செய்தவை. இறக்குமதிக்கு வழியில்லாமல் போனதால் கைவினைஞருக்கு வேலை வந்தது. ஆடம்பர விடுதி என்றால் பளிங்கும் சரவிளக்கும் என்றிருந்த எண்ணம் இந்த இடத்தில் மாறியது. நிழலும் காற்றும் தண்ணீரின் ஓசையும் விலைமதிப்புள்ள வசதிகள் என்று ஒரு கட்டடம் நிரூபித்தது. பாவாவின் மொத்தப் பணிக்கும் இதுவே அச்சாணி. அவர் விடுதிகள் வெளியே நின்று பார்ப்பதற்காகக் கட்டியவை அல்ல, உள்ளே நின்று வெளியைப் பார்ப்பதற்காகக் கட்டியவை.

தொடர்ந்து பக்கத்திலேயே செரண்டிப், பேருவளையில் நெப்டியூன் என்று விடுதிகள் வந்தன. 1970களில் தமிழ்நாட்டிலும் அவர் வேலை செய்தார். சென்னையில் கன்னிமாரா ஹோட்டலைப் புதுப்பித்தார். மதுரை கோச்சடையில் பஞ்சாலை அதிகாரிகளுக்காக மதுரை கிளப்பைக் கட்டினார். அதற்கு உள்ளூர்க் கருங்கல்லும் பழைய கட்டடங்களிலிருந்து வந்த தூண்களும் பயன்பட்டன. அந்த வளாகம் இன்று விடுதியாக இயங்குகிறது. பாலித் தீவின் சனூரில் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்டுக்காக அவர் வரைந்த பத்துஜிம்பார் வீடுகளும் இந்தக் காலத்தவையே. தென்கிழக்காசியாவின் உல்லாச விடுதிகளில் இன்று காணும் திறந்த மண்டபம், தாழ்ந்த கூரை, தோட்டத்துத் தண்ணீர் ஆகியவற்றின் வழித்தடத்தில் அந்த வீடுகளுக்கு இடமுண்டு.

1981இல் அஹுங்கல்லவில் திறந்த ட்ரைட்டன் ஹோட்டலில் அவர் தண்ணீரை வைத்து ஒரு கோடு வரைந்தார். தென்னை மரங்கள் நின்ற வாசல் குளம், அதைத் தாண்டி மண்டபம், அதைத் தாண்டி விளிம்புவரை நிரம்பிய நீச்சல்குளம், அதற்கப்பால் கடல். எல்லாம் ஒரே பார்வையில், ஒரே நேர்கோட்டில். குளம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இந்த உத்தி பின்னாளில் உலகெங்கும் பரவி, கடலோர விடுதிகளின் விளம்பரப் படங்களில் அலுத்துப்போகும் அளவுக்கு வந்துவிட்டது. அஹுங்கல்லவில் அது இன்னும் அலுக்கவில்லை.

1983இன் இன வன்செயலும் அதன் பின் மூண்ட போரும் சுற்றுலாவை முடக்கின. பல ஆண்டுகள் புதிய விடுதி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1990களின் தொடக்கத்தில் எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் உள்நாட்டில் ஒரு விடுதி கட்ட முன்வந்தது. முதலில் காட்டிய நிலம் சிகிரியா குன்றின் அருகில் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் மாளிகை எழுப்பிய அந்தக் குன்றின் காலடியில் கட்டுவதற்குப் பாவா இணங்கவில்லை. சிகிரியாவைத் தொலைவிலிருந்து காணும் இடம் வேண்டும் என்றார். ஹெலிகொப்டரில் சுற்றிப் பார்த்துத் தம்புள்ளைக்கு அருகே, கண்டலம குளத்தை நோக்கிய செங்குத்தான பாறைச் சரிவைத் தெரிந்தெடுத்தார்.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. தம்புள்ளைக் குகைக் கோயிலின் புனிதம் கெடும், காடு அழியும், கழிவு குளத்தில் கலந்து கீழேயுள்ள விவசாயிகளின் நீர் கெடும் என்று பிக்குகளும் சூழலியலாளரும் போராடினார்கள். அச்சம் அர்த்தமற்றது அல்ல. வேறு யாராவது வேறு விதமாகக் கட்டியிருந்தால் அவை அனைத்தும் நடந்திருக்கலாம். அந்த எதிர்ப்பின் கண்காணிப்பிலேயே கட்டடம் வளர்ந்தது. கழிவுநீர் அங்கேயே சுத்திகரிக்கப்பட்டது. கட்டடம் தூண்களின் மேல் நின்றது, மலையிலிருந்து வழியும் மழைநீர் தன் பாதையில் அடியால் ஓடியது. பாறைகளை வெடிவைத்துச் சமன் செய்யாமல் அவற்றின் வளைவைக் கட்டடமே சுற்றிப் போயிற்று.

1994இல் திறந்த கண்டலம ஹோட்டலில் 152 அறைகள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர். இவ்வளவு பெரிய கட்டடம் வருகிறவர் கண்ணில் படுவதில்லை. பாதை முடியும் இடத்தில் குகை வாய் போன்ற ஒரு நுழைவு. உள்ளே பாறையோரம் வளைந்து செல்லும் தாழ்வாரம், ஓரிடத்தில் பாறையே கட்டடத்துக்குள் புகுந்து படுத்திருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போனால் சட்டென்று வெளி திறக்கும். கீழே குளம், குளத்துக்கு அப்பால் காடு, காட்டுக்கு மேலே தொலைவில் சிகிரியா. மாடிப்படி வளைவில் லக்கி சேனநாயக்கவின் உலோக ஆந்தை இறக்கை விரித்து நிற்கிறது. கூரை இங்கே ஓடு அல்ல, தட்டை. அதன்மேல் செடி வளர்கிறது. முகப்பில் கட்டிய மரச் சட்டங்களில் கொடிகள் ஏறி, ஓரிரு ஆண்டுகளில் கட்டடத்தைக் காட்டோடு சேர்த்துவிட்டன. குரங்குகள் மாடத்துக்கு மாடம் தாவுகின்றன. ஓட்டுக் கூரையையும் முற்றத்தையும் கொண்டுதான் பாவாவின் கலை அடையாளம் பெற்றது. எழுபதைக் கடந்த வயதில் அவற்றைக் கைவிட்டு, சிமெண்டும் கொடியும் மட்டும் வைத்து அதே உணர்வை எழுப்பியது அவரது பெரிய சாதனை.

கண்டலம திறந்த அதே ஆண்டில்தான் துபாயில் புர்ஜ் அல் அரப் ஹோட்டலின் வேலை தொடங்கியது. பாய்மர வடிவில் 321 மீற்றர் எழுந்த அந்த விடுதி, கண்ணில் பட்டவுடன் நகரத்தின் பெயர் சொல்லும்படி அமைந்தது. ஒரே காலத்தில் ஒரே தொழில் இப்படி இரண்டு எதிர்த்திசைகளில் நடந்திருக்கிறது.

1997இல் காலியில் லைட்ஹவுஸ் ஹோட்டல் முடிந்தது. அங்கே வளைந்தேறும் படிக்கட்டின் கைப்பிடி முழுவதும் செம்பிலும் பித்தளையிலும் வார்த்த வீரர்கள். 1630இல் ரந்தெனிவெலவில் சிங்களப் படை போர்த்துக்கீசரை முறியடித்த போர் படிப்படியாக மேலேறுகிறது. அடுத்த ஆண்டு பாவா பக்கவாதத்தால் பேச்சிழந்தார். 2001இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதின் வாழ்நாள் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2003 மே மாதம் காலமானார். அஸ்தி லுனுகங்கவில் இருக்கிறது.

அவர் விடுதிகளில் சில நல்லபடியாகப் பிழைக்கவில்லை. 2004இன் ஆழிப்பேரலை தென்மேற்குக் கரை விடுதிகளைத் தாக்கியது. பெந்தோட்டை பீச் ஹோட்டலில் பின்னாளைய மாற்றங்கள் முதல் வடிவைச் சிதைத்தன. பாவாவிடம் பயின்ற சன்ன தஸ்வத்தவின் கையால் அது அண்மையில் மீண்டது, பத்திக் கூரையும் திரும்பி வந்தது. கொழும்பில் ஈனா டி சில்வாவின் வீட்டு நிலம் விலைபோனபோது வீட்டையே பெயர்த்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தூணுக்கும் கதவுக்கும் எண்ணிட்டு, பிரித்து, வண்டியேற்றி லுனுகங்கவில் மறுபடி அடுக்கினார்கள். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 2016இல் அது மீண்டும் எழுந்து நின்றது. இப்போது அந்த முற்றத்து வீட்டில் விருந்தினர்கள் தங்குகிறார்கள்.